கோதாவும் கொலுமண்டபமும்

சமஸ்தானாதிபதிகளின் விளையாட்டுப் பிரியம் என்றவுடன், பாட்டியாலாவின் கிரிக்கெட்டும் ஜோத்பூரின் போலோவும் நினைவுக்கு வருவதும், அவற்றை அரண்மனை ஆடம்பரத்தின் ஓர் அம்சமாக நாம் ஒதுக்கிவிடுவதும் வழக்கமாயிருக்கின்றன. கோலாப்பூர் மன்னர் சாஹு மகாராஜாவின் மல்யுத்த மோகத்தையும் அந்த வரிசையிலேயே சேர்த்து, அவருடைய சமூகச் சீர்திருத்தங்களுக்கு ஒரு முழு அத்தியாயத்தையும் மல்யுத்தத்துக்கு ஓர் அடிக்குறிப்பையும் அளிப்பது அவருக்கு இழைக்கும் அநீதி என்பதே என் துணிபு. அவ்விரண்டும் ஒரே சித்தத்தில் முளைத்தவை.

1894-இல், இருபது வயது நிரம்புமுன் அவர் சிம்மாசனம் ஏறியபோது, பொது நிர்வாகத்தின் 71 உத்தியோகங்களில் 60 பிராமணர் வசமே இருந்தன. சில ஆண்டுகளுக்குள், மன்னர் க்ஷத்திரியரல்லர், ஆகவே அவருக்கு வேத மந்திரம் ஓதலாகாது, புராண மந்திரமே போதும் என்று அரண்மனைப் புரோகிதரே மறுத்துவிட, சிவாஜியின் வழிவந்த கிரீடத்தைத் தரித்தவருக்கே பிறப்பை முன்னிட்டு இந்த அவமானம் நேருமாயின் குடியானவன் கதி யாது என்ற கேள்வி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1902 ஜூலை 26-ஆம் தேதி, காலியாகும் உத்தியோகங்களில் நூற்றுக்கு ஐம்பது பிற்பட்ட வகுப்பாருக்கு உரியவை என்ற ஆக்ஞை பிறந்தது. சென்னையில் நீதிக் கட்சி வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்த 1921-க்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முற்பட்டது அது.

அந்த ஆக்ஞை வெளியானபோது மகாராஜா, ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கென ஐரோப்பா சென்றிருந்தார். அந்த யாத்திரையில் ரோமாபுரியில் கண்ட வட்ட அரங்கத்தை மனத்திலிருத்தியே, பின்னர் 1912-இல் காஸ்பாக் மைதானத்தை அவர் கட்டி முடித்தார். நடுவே செம்மண் கோதா. அதைச் சுற்றிலும் ஏறிச்செல்லும் சரிவில் ஜனங்கள் அமர்வதால், கடைசி வரிசையில் உட்கார்ந்த உழவனுக்கும் பிடியின் நுட்பம் மறைவதில்லை. எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய அந்த மண்ணில், பஞ்சாபிலிருந்து வந்த முஸ்லிம் பயில்வானும் உள்ளூர் மராட்டியனும் கைகோத்து நிற்கையில், எவன் எந்தக் குலத்தில் பிறந்தான் என்று கேட்பார் எவருமில்லை. தாமே மல்யுத்தம் பயின்ற பருத்த தேகியான மன்னர், சாஸ்திரங்கள் மறுத்த சமத்துவத்தை இங்கே பிரத்தியட்சமாகக் கண்டார் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் சமமான மண் மட்டும் போதாது என்பதைப் பயில்வான்களை அறிந்தவர் அறிவார். பாலும் நெய்யும் பாதாமும் இன்றி, 'தாலீம்' எனப்படும் பயிற்சிக்கூடத்தில் ஆண்டுக்கணக்காக ஒருவன் ஆதரிக்கப்படாமல், கோதாவில் இறங்குவது எங்ஙனம்? மல்லர்களை அவ்வாறு போஷித்த அரசே, மராட்டியர், ஜைனர், லிங்காயத்தர், முஸ்லிம்கள், தீண்டப்படாதார் ஆகியோரின் பிள்ளைகளுக்கு நகரில் விடுதிகள் எழ உதவி, கிராமத்துச் சிறுவனுக்கு உணவும் உறையுளும் கிடைக்கச் செய்தது. 1917-இல் ஆரம்பக் கல்வி கட்டாயமாகவும் இலவசமாகவும் ஆயிற்று. விடுதிகளைச் சாதிவாரியாக அமைத்தது சாதியுணர்வையே நிலைப்படுத்தாதா என்று ஆட்சேபிப்போர் உண்டு. அந்த ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எல்லோரும் ஒரே பந்தியில் அமர மறுத்த காலத்தில், பொது விடுதி வரும்வரை ஒரு தலைமுறையைக் காக்கவைப்பது அதனினும் கொடிது.

சட்டத்தோடு நின்றவருமல்லர் அவர். அரண்மனைக் குதிரை லாயத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அடிபட்ட, தீண்டப்படாதாரில் மகார் வகுப்பைச் சேர்ந்த கங்காராம் காம்பளே என்ற ஊழியருக்குப் பொருளுதவி செய்து தேநீர்க் கடை வைக்கச் செய்து, பலர் காண வண்டியை அக்கடையின் முன் நிறுத்தி, அவர் கையால் தேநீர் வாங்கி அருந்தினார். உடன் வந்தவர்களும் அருந்த நேர்ந்தது. 1920-இல் மாண்காவ் மாநாட்டில் இளைஞர் அம்பேத்கரைத் தாழ்த்தப்பட்டோரின் தலைவரென அவர் சுட்டிக்காட்டியதும் இந்தத் துணிவின் தொடர்ச்சியே.

1922-இல் அவர் காலமானார். கோலாப்பூரின் தாலீம்கள் ஓயவில்லை. கராட் அருகே கோலேஷ்வர் கிராமத்தில் பிறந்து கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் பயின்ற மல்லர் காஷாபா ஜாதவ், 1948-இல் லண்டன் ஒலிம்பிக்ஸுக்குச் சென்றது கோலாப்பூர் அரசரின் பொருளுதவியால். 1952-இல் ஹெல்சிங்கி சென்று, சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கத்தை அவர் வென்றபோது, சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்து மூன்றாண்டுகள் கடந்துவிட்டன. அம்முறை கல்லூரியின் முன்னாள் முதல்வர் கர்டேகர் தம் வீட்டை அடகுவைத்துப் பணம் கொடுத்தார்.