புகுஷிமா மண்ணை டோக்கியோ ஏற்கட்டும்

2025 ஜூலையில் ஜப்பான் பிரதமர் அலுவலகத் தோட்டத்தில் புகுஷிமா மண்ணைப் பரப்பி, அதன்மேல் 20 சென்டிமீட்டருக்கு நல்ல மண் போட்டு மூடினார்கள். 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு வயல்களிலும் வீட்டு முற்றங்களிலும் சுரண்டியெடுத்த மண் அது. ஒகுமா, ஃபுதாபா ஆகிய இரண்டு ஊர்களில் ஏறத்தாழ 1.4 கோடி கன மீட்டர் குவிந்து கிடக்கிறது. 2045 மார்ச்சுக்குள் அதைப் புகுஷிமாவுக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும் என்பது சட்டம். கதிரியக்கம் கிலோவுக்கு 8,000 பெக்கரலுக்கு மிகாத மண்ணைச் சாலைக் கரை போன்ற அரசுப் பணிகளுக்குப் பயன்படுத்தலாம் என்கிறது அரசு. நாலில் மூன்று பங்கு அந்த வரம்புக்குள் வருகிறது. ஆனால், டோக்கியோவின் ஷின்ஜுகு கியோயென் பூங்காவில் சிறு சோதனை செய்வதற்குக்கூட அக்கம்பக்கத்தார் விடவில்லை.

மண்ணில் உள்ள கதிரியக்கச் சீசியம் வெளியே வருமா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. அதற்குக் களிமண்ணிடம் பதில் இருக்கிறது. களித்துகள் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகடுகளில் எதிர்மின்சுமை இருப்பதால் நேர்மின் அயனிகளை இழுக்கும். கால்சியம் தன்னைச் சுற்றி நீரைப் போர்த்திக்கொண்டே வருவதால் மேலோட்டமாக ஒட்டி, எளிதில் கழன்றுவிடும்; ஸ்ட்ரான்சியமும் அப்படித்தான். சீசியம் நீரை உதறிவிட்டு, சிதைந்த அப்பிரகத் தகடுகளின் ஓரப் பிளவுக்குள் நுழைகிறது. தகடுகள் அதன்மேல் மூடிக்கொள்கின்றன. புகுஷிமாவின் கருங்கல் மண்ணில் இத்தகைய அப்பிரகம் ஏராளம்.

களி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டனின் ஆடுகளே சாட்சி. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் பெய்த மழை கம்ப்ரியா, வேல்ஸ் மலைச்சரிவுகளில் சீசியத்தை இறக்கியது. ஆடு விற்பனைக்கு அரசு மூன்று வாரத் தடை விதித்தது. சமவெளிக் களிமண்ணில் சீசியம் சிக்கிக்கொள்ளும் என்ற பழைய அனுபவத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. மலை மேலோ மட்கிய கரிமண். களி மிகக் குறைவு. சீசியம் புல்லுக்கு ஏறி, புல்லிலிருந்து ஆட்டுக்குப் போய், சாணமாக மண்ணுக்குத் திரும்பி, மறுபடி புல்லுக்கு ஏறியது. கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கியது 2012இல். மூன்று வாரம் 26 ஆண்டுகளாக நீண்டதற்குக் காரணம் மண்தான். இந்த ஒரு விவரத்தை மனதில் வாங்காமல் புகுஷிமா மண்ணைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

உலைக்கழிவை மறுசுழற்சிக்கு விடும் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். 8,000 என்பது அதைப்போல் 80 மடங்கு என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். அந்த 100, கண்காணிப்பே இல்லாமல் யார் கைக்கும் போகும் பொருளுக்கானது. மூடிப் புதைத்து அரசே பராமரிக்கும் சாலைக் கரைக்கு அதைப் பொருத்துவது மக்களைப் பயமுறுத்தும் வேலை. பூங்கா வாசலில் பதாகை பிடிப்பவர்களில் எத்தனை பேர் மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்திருப்பார்கள்?

அரசையும் சும்மா விடுவதற்கில்லை. 8,000 என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பொட்டாசியமும் அம்மோனியமும் சீசியத்தோடு அதே இடத்துக்குப் போட்டியிடுபவை. கோடையில் ஆக்சிஜன் வற்றிய குளத்தடி வண்டலில் அம்மோனியம் சேர்ந்து சீசியத்தைத் தள்ளிவிடும். ஆற்று வண்டல் கடலில் கலக்கும்போது உப்பும் அதையே செய்யும். எனவே சதுப்பும் கழிமுகமும் இந்த மண்ணுக்கு ஆகாது. மேட்டு நிலச் சாலைக் கரை ஆகும். ஒவ்வொரு லாரி மண்ணிலும் பெக்கரலோடு களியின் அளவையும் வகையையும் எழுதி ஒட்டினால் பாதி சந்தேகம் தீரும். பொட்டாசியத்தின் இந்தப் போட்டியைப் புகுஷிமா உழவர்கள் என்றோ புரிந்துகொண்டார்கள். வயலில் பொட்டாஷ் உரம் போட்டு, நெற்பயிர் சீசியத்தை உறிஞ்சாமல் தடுத்தார்கள்.

இனி, மண்ணை யார் ஏற்பது? விபத்துக்குள்ளான உலைகள் டோக்கியோ மின் நிறுவனத்துடையவை. அவற்றின் மின்சாரம் தலைநகர் வட்டாரத்துக்குப் போனது. புகுஷிமாவின் வீடுகளுக்கு வேறு நிறுவனம் மின்சாரம் கொடுத்தது. மின்சாரத்தை வாங்கி அனுபவித்த ஒவ்வொரு மாகாணமும் தன் பங்கு மண்ணை ஏற்க வேண்டும்; டோக்கியோ முதலில் ஏற்க வேண்டும்.