கயிறு பிடிக்கும் கை

முத்துக் குளிப்பவனுக்குத் துணிச்சல் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும்.

படகில் நிற்கிறானே இன்னொருவன், அவனைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சிப்பி விளையும் இடத்துக்குப் ‘பார்’ என்று பெயர். கரையிலிருந்து பல மைல் போக வேண்டும். ஆழம் எட்டுப் பாகம், பத்துப் பாகம் இருக்கும். ஒரு பாகம் என்றால் ஆறு அடி. குளிப்பவன் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை ஊன்றிக்கொள்வான். மூச்சை இழுத்து அடக்குவான். கல் அவனை விறுவிறு என்று அடியிலே கொண்டு சேர்க்கும். உடனே காலை எடுத்துவிடுவான். மேலே இருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். கீழே இருப்பவன் கைக்கு எட்டிய சிப்பிகளை எல்லாம் அள்ளி வலைப் பையில் போடுவான். ஒரு நிமிஷம், அல்லது கொஞ்சம் கூடக் குறைய. அவ்வளவுதான் நேரம். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான்.

மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அந்தக் கணமே இழுக்க வேண்டும்.

அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று அந்தக் கரையில் சொல்வது உண்டு. ஏன்? உடன்பிறந்தவளின் தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது! அவன் கண் அயர மாட்டான்.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் அரசாங்கம் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடத்தியது. அதற்குப் பிறகு பார்களில் அந்த ஆரவாரம் இல்லை. 1973-இல் அதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைய வைத்துக் காட்டினார்கள். இனிமேல் மூச்சை அடக்கி யாரும் முங்க வேண்டியதில்லை.

கடலில் முங்க வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வீடு ஒருவர் முங்கத் துடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒரு வீட்டில் பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைகிறான். அடுத்த வீட்டில் பெண் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் பாடுகிறாள். இன்னொரு வீட்டில் மூத்த மகன் ஒரு பெண்ணை விரும்புகிறான். அதைச் சொல்ல அப்பாவின் முகத்தை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இவர்களுக்கு எல்லாம் துணிச்சல் இல்லை என்கிறார்கள் பெரியவர்கள். துணிச்சல் எங்கிருந்து வரும்? மேலே கயிறு பிடிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா காலைக் கல்லில் வைக்க மனம் வரும்!

உப்புக் கணக்கர்

தூத்துக்குடி என்றால் முத்து. அடுத்தது உப்பு. அந்த உப்புத் தொழிலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை. 24-ஆவது வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்குப் போனார். கூத்தாடுவது கேவலம் என்று ஊர் பேசிய காலம் அது!

அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று நாடு இன்று போற்றுகிறது.

சுவாமிகள் தாம் மட்டும் கரை ஏறவில்லை. 1918-இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து ஒரு நாடக சபை தொடங்கினார். வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் பயின்றவர்கள். அவர் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். அந்தச் சிறுவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி அரை நூற்றாண்டு காலம் நாடக மேடையை ஆண்டார்கள்.

கயிறு பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் எத்தனை பேர் கரை சேர்கிறார்கள், பாருங்கள்.

கயிறு இல்லாமல் குதித்தவர்

இன்னொரு தூத்துக்குடிப் பிள்ளை ஜே.பி. சந்திரபாபு. 1927-இல் பிறந்தவர். ஜோசப் பனிமயதாஸ் என்று பெயர் வைத்தார்கள். அது ஊர் மக்கள் கும்பிடும் பனிமய மாதாவின் பெயர். பெற்றோர் விடுதலைப் போராட்டத்தில் இறங்கியவர்கள். வெள்ளைக்கார அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாகிக் குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு அந்த நாளில் ஒரே ராத்திரிக் கப்பல் பயணம்தான். பையன் அங்கே படித்தான். மேல்நாட்டுப் பாட்டையும் ஆட்டத்தையும் அங்கே பிடித்துக்கொண்டான்.

1943-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பையன் வாலிபன் ஆனான். சினிமாவில் பாட வேண்டும், ஆட வேண்டும். இதே ஆசை.

1947-இல் ‘தன அமராவதி’ படத்தில் சிறிய வேடம் கிடைத்தது. அப்புறம்? ஸ்டூடியோ வாசல்கள்தான். இன்று வா, நாளைக்கு வா. வாசல் காவலாளியைத் தாண்ட முடியவில்லை. இப்படியே ஐந்து வருஷம்.

1952-இல் ஜெமினி ஸ்டூடியோவில் அவர் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்ல வேளை, பிழைத்தார். போலீஸ் வழக்கும் வந்தது. அதே வருஷம் ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது.

இந்தக் கதையைச் சிலர் வீரக் கதைபோலச் சொல்கிறார்கள். அது தவறு. பெருந்தவறு. சாகத் துணிந்ததால் அவருக்கு வாழ்வு வரவில்லை. பிழைத்து எழுந்ததால் வந்தது! பாட்டும் ஆட்டமும் முதல் நாளே அவரிடம் இருந்தன; பார்க்க ஆள் இல்லை. அன்று ஒருவர் அவரை உட்கார வைத்து, “என்ன தம்பி?” என்று கேட்டிருந்தால் போதும். இன்று அப்படி மனம் உடைந்து நிற்பவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பேச ஆள் இருக்கிறது. காசு கிடையாது.

அப்புறம் நடந்தது நாடறிந்த விஷயம். பனிமலை நாட்டு இடையர்கள் குரலை மடக்கி மடக்கிக் கூவுவார்கள். யோடலிங் என்று அதற்குப் பெயர். அதைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார் சந்திரபாபு. தமக்குத் தாமே பாடினார். உடம்பை ரப்பர்போல வளைத்து ஆடினார். ‘சபாஷ் மீனா’ 1958-இல் வந்தது. கதாநாயகன் சிவாஜி கணேசன். ஆனால் இரட்டை வேடம் சந்திரபாபுவுக்கு! அதில் ஒன்று ரிக்‌ஷாக்காரன். சென்னைப் பட்டணத்து ரிக்‌ஷாக்காரர் பேச்சை அவர் பேசியதைக் கேட்டு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்றும் சிரிக்கிறார்கள்.

சோறு போடுமா?

“எல்லாம் சரி. பாட்டும் எழுத்தும் சோறு போடுமா?” என்று தகப்பனார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பசியை அனுபவித்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடக் கூடாது.

சந்திரபாபுவின் கடைசி நாட்களும் அந்தக் கேள்விக்குப் பயத்தைத்தான் கூட்டுகின்றன. ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்ற படத்தை அவரே எழுதி இயக்கினார். 1966-இல் அது வெளிவந்தது. கடன் சேர்ந்தது. மதுவும் சேர்ந்தது. 1974 மார்ச் 8-ஆம் தேதி மறைந்தபோது அவருக்கு வயது 46-தான்.

ஆனால் வேலையை உதறினால்தான் கலை வரும் என்று யார் சொன்னது? அதே கடற்கரையில் உவரியில் பிறந்தவர் ஜோ டி குரூஸ். கப்பல் கம்பெனி உத்தியோகம் அவருக்குச் சோறு போட்டது. உத்தியோகத்தை விடாமலே எழுதினார். ‘ஆழி சூழ் உலகு’ என்ற அவருடைய முதல் நாவல் 2004-இல் வந்தபோது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். அடுத்த நாவல் ‘கொற்கை’. முத்துக்குப் பேர்போன அந்தக் கரையின் கதை. 2013-இல் அதற்குச் சாகித்ய அக்காதெமி பரிசு கிடைத்தது.

நாற்பதுக்கு மேல் ஒரு மனிதன் மேஜை முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டுமானால் வீடு ஒத்துழைக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரம் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். பெரிய பண உதவி எல்லாம் அப்புறம். ஒரு மணி நேர அமைதிதான் பல வீடுகளில் கிடைப்பதில்லை. பெண்களுக்கு அதுவும் இல்லை. அடுப்பு அணைந்தபின் பத்து மணிக்குமேல் கிடைக்கிற அரை மணியில்தான் அவர்கள் கோலப் புத்தகம் எழுதவோ, கவிதை எழுதவோ வேண்டியிருக்கிறது.

சொல்லிய பெண், விட்ட மனிதர்

சந்திரபாபு வாழ்வில் இன்னொரு சம்பவம் உண்டு. அவர் சிரிக்க வைத்த படங்களைவிட அது பெரியது.

1958-இல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. பேரும் புகழும் ஏறிக்கொண்டிருந்த காலம். மணமான கொஞ்ச காலத்திலேயே மனைவி ஓர் உண்மையைச் சொன்னார். தம் மனம் முன்பே வேறொருவரிடம் போய்விட்டது என்றார்.

ஊர் என்ன சொல்லும்? நடிகர் வீட்டுச் சங்கதி, பத்திரிகைகள் சும்மா விடுமா? சந்திரபாபு அடிக்கவில்லை, வையவில்லை. அந்தப் பெண்ணை அவர் விரும்பியவரிடமே போக விட்டார். பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) படத்துக்கு இந்தச் சம்பவம்தான் விதை என்று சொல்கிறவர்கள் உண்டு.

இதில் இரண்டு துணிச்சல் இருக்கிறது. விட்டுக்கொடுத்தவருடையதை எல்லோரும் புகழ்கிறார்கள். சொன்ன பெண்ணின் துணிச்சலை யார் எண்ணிப் பார்த்தார்கள்? கழுத்தில் தாலி ஏறியபின் அப்படிச் சொல்வது சாமானியமா? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பேச்சைக் கல்யாணத்துக்கு முன்னால் தாய் மடியில் தலை வைத்துச் சொல்ல எந்தப் பெண்ணால் முடிகிறது? ஒருவரின் வாழ்வும் இன்னொருவரின் வாழ்வும் நொறுங்கியபின் வெளிவரும் வார்த்தை அது. முன்னமே கேட்டிருந்தால் ஒரு நிமிஷப் பேச்சு.

இன்னொரு தாலி

கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்டு வெள்ளையரைக் கலங்க வைத்த வ.உ.சிதம்பரம் பிள்ளை இளவயதில் முதல் மனைவியை இழந்தவர். பிறகுதான் மீனாட்சி அம்மாளை மணந்தார். 1908-இல் அவருக்கு 40 வருஷத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அப்பீலில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். வெளியே மீனாட்சி அம்மாள் கைக்குழந்தைகளோடு வழக்குக்கும் மனுவுக்கும் அலைந்தார். கணவர் சிறைக்குள் இருந்தபடியே ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலைத் தமிழில் எழுதினார். ‘மனம்போல வாழ்வு’ என்பது அதன் பெயர். 1912 டிசம்பரில் விடுதலை ஆனார். தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மீனாட்சி அம்மாளின் பெயரைப் படகு ஒன்றிலாவது எழுதலாம்.

மனைவியை இழந்த ஆணுக்கு ஊரே கூடி இரண்டாவது பெண் தேடுகிறது. கருமாதி முடிவதற்குள் ஜாதகம் வந்துவிடுகிறது. கணவனை இழந்த பெண்ணுக்கு? கடற்கரை ஊர்களில் இந்தக் கேள்வி புதிதல்ல. புயல் அடித்தால் போதும். மூன்றாம் நாள் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வயது 24-ஆக இருக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும். அவளுக்கு இனி ஒரு வாழ்வு வேண்டாமா?

சட்டம் வழிவிட்டு வெகுகாலம் ஆகிறது. விதவை மறுமணச் சட்டம் 1856-இலேயே வந்தது. ஜாதி, மதம் வேறாக இருந்தாலும் பதிவு செய்து மணக்க 1954-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. மறுமணம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் தமிழக அரசு உதவித் திட்டமும் வைத்திருக்கிறது. இத்தனை இருந்தும் அவள் வாயைத் திறப்பதில்லை. மாமியார் என்ன சொல்வாரோ, அண்ணன் என்ன சொல்வாரோ! அந்த அண்ணன்தான் ஒரு காலத்தில் அவள் கணவனுக்குக் கயிறு பிடித்தவன். தங்கைக்கும் அவன்தான் பிடிக்க வேண்டும். “அண்ணி, நீங்கள் சின்ன வயசுக்காரர், யோசித்துப் பாருங்கள்” என்று கொழுந்தன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தால் இன்னும் மேல்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். கை கழுவியதும் அவரவர் மூலைக்குப் போவதற்கு முன்னால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கால் மணி நேரம் கிடைக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொல்லலாம். உள்ளே பாடுகிறதைக் கூடத்தில் வந்து பாடச் சொல்லலாம். மூன்று மாதமாக முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற மூத்தவனிடம், “அந்தப் பெண்ணின் பெயர் என்னடா?” என்று கேட்கலாம்.