நல்ல இயர்பட்ஸ் எது?

வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரத்திலிருந்து காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் படிக்கப் போகும் மாணவர் கூட்டத்தைப் பாருங்கள். பத்துப் பேரில் சிலர் காதிலாவது வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு சிறு குமிழ் இருக்கும். கம்பியில்லாமல் காதுக்குள் செருகிக்கொள்ளும் இந்த ஒலிப்பானைக் கடைத்தெருவில் எல்லோரும் 'இயர்பட்ஸ்' என்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம். "எந்த இயர்பட்ஸ் நல்லது?" என்று ஒருவர் கேட்டால் உடனே மூன்று பதில்கள் வருகின்றன. விலை கூடியதே நல்லது என்பார் ஒருவர். சார்ஜ் அதிக நேரம் நிற்பதே நல்லது என்பார் இன்னொருவர். 'பேஸ்' நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பார் மூன்றாமவர்.

என் கருத்து இம்மூன்றும் அன்று. ஓர் இயர்பட்ஸ் நல்லதா என்று அறிய ஒரே கேள்வி போதும்: ஓடும் பேருந்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க, சத்தத்தை எவ்வளவு குறைவாக வைத்தால் போதுமானதாக இருக்கிறது? எது குறைந்த சத்தத்திலேயே சொல்லும் சுதியும் தெளிவாகக் கேட்கும்படி செய்கிறதோ, அதுவே நல்லது. இது விந்தையான அளவுகோலாகத் தோன்றலாம். ஏன் இதைச் சொல்கிறேன் என்பதைப் பார்ப்போம்.

நம் காதின் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். வெளிப்புறம் திறந்திருக்கிறது, உட்புறம் செவிப்பறையால் மூடப்பட்டிருக்கிறது. ஒருமுனை மூடிய குழாயில் ஒத்ததிர்வு ஏற்படுவதைப் பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையும் நீருள்ள குழாயும் வைத்துச் செய்திருப்பீர்கள். குழாயின் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு இருக்கும்போது ஒலி ஓங்குகிறது அல்லவா? இங்கும் அதே கணக்குத்தான். அலைநீளம் பத்து சென்டிமீட்டர்; ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர்; ஆகவே அதிர்வெண் சுமார் 3,400 ஹெர்ட்ஸ். குழந்தையின் அழுகையிலும் பேச்சின் மெய்யெழுத்துகளிலும் முக்கியமான பகுதி இதை ஒட்டியே இருக்கிறது. அந்தப் பகுதியைக் காதே இயற்கையாகப் பெருக்கித் தருகிறது.

இப்போது அந்தக் குழாயின் வாயில் ஒரு ரப்பர் அடைப்பைச் செருகுங்கள். திறந்த முனை மூடிப்போகிறது. எஞ்சிய குழாயின் நீளமும் குறைகிறது. பழைய ஒத்ததிர்வு போய், 8,000 ஹெர்ட்ஸை ஒட்டிப் புதிதாக ஒன்று தோன்றுகிறது. எனவே இயர்பட்ஸ் செய்பவர், காது இழந்த 3,000 ஹெர்ட்ஸ் மேட்டைத் தம் கருவிக்குள் செயற்கையாகச் சேர்க்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் குரல் இயல்பாக இருக்கும். குறைத்துச் செய்தால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். கூட்டிச் செய்தால் தகரத்தைத் தட்டுவது போலக் கீச்சிடும். எல்லோருடைய காதுத் துளையும் ஒரே நீளமோ ஒரே வளைவோ உடையதன்று. ஆகவே யாரோ ஒருவர் தம் காதில் போட்டுப் பார்த்து ஐந்து நட்சத்திரம் கொடுத்ததை உங்கள் காதுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பெட்டியின் மேல் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று அச்சிட்டிருப்பார்கள். முந்நூறு ரூபாய்க் கருவியிலும் இதே எண். முப்பதாயிரம் ரூபாய்க் கருவியிலும் இதே எண். மனிதச் செவி கேட்கும் எல்லையை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் எந்தப் பகுதி ஓங்கி ஒலிக்கிறது, எது தேய்கிறது என்பதைச் சொல்லாத எண்ணால் நமக்குப் பயனில்லை.

சரி, எப்படித்தான் சோதிப்பது? நல்ல மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. சாதாரண முரசின் தோல் அதிரும்போது எழும் மேற்சுரங்கள் முதற்சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. அதனால் அது சுதியில்லாத 'டம்' என்ற ஓசையாகிவிடுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரணை எனும் கறுப்புப் பூச்சு தோலின் எடையைத் திருத்தி, மேற்சுரங்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது. இதைக் கண்டு சொன்னவர் சர் சி. வி. இராமன். சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு பெற்ற பிறகும் அவர் மிருதங்கத்தை விட்டுவிடவில்லை.

வலந்தலையின் சுதியுள்ள ஓசையும், ரவைப் பசை தடவிய இடந்தலையின் கனத்த ஓசையும் தனித்தனியே கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே இயர்பட்ஸை விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். இடந்தலை திடீரென்று கனத்துக் கேட்கிறதா? அப்படியானால் இவ்வளவு நேரமும் ரப்பரின் ஓரத்தில் இடைவெளி இருந்திருக்கிறது என்று பொருள். தாழ்ந்த அதிர்வெண்ணுள்ள ஒலியைச் செவிப்பறை உணர, அடைபட்ட அந்தச் சிறு காற்றறையின் அழுத்தம் ஏறி இறங்க வேண்டும். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அழுத்தம் வெளியே கசிந்துவிடும். 'பேஸ்' முதலில் போகும். 'பேஸ் இல்லை' என்று குறை சொல்லப்படும் இயர்பட்ஸ் பலவற்றில் குறை கருவியில் இல்லை. தவறான அளவு ரப்பரில் இருக்கிறது. பெட்டியில் பெரிது, நடு, சிறிது என்று மூன்று அளவு ரப்பர் வைத்திருப்பார்கள். நடுவிலுள்ளதை மாட்டிய கையோடு மற்றவற்றை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு வேறோர் அளவும் தேவைப்படுவது உண்டு.

இரண்டு இயர்பட்ஸை ஒப்பிடும்போது ஒரு சூழ்ச்சிக்கு ஆளாகாதீர்கள். சற்றே உரக்கக் கேட்பது எதுவோ அதையே நம் மனம் 'நல்ல ஒலி' என்று தீர்ப்புக் கூறிவிடும். கடைக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆகவே முதலில் இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நண்பனை விட்டு மாற்றி மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். எது எதுவென்று அவன் குறித்துக்கொள்ளட்டும், உங்களிடம் சொல்ல வேண்டாம். பத்து முறை செய்த பிறகு பார்த்தால், விலை தெரிந்தபோது இருந்த வேற்றுமை விலை தெரியாதபோது இருக்கிறதா என்பது புலப்படும். பாட்டைவிடச் சிறந்த சோதனை ஒன்றும் உண்டு: தாயார் அல்லது ஆசிரியர் பேசியதைப் பதிவு செய்து கேளுங்கள். அந்தக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

இனி நான் தொடக்கத்தில் சொன்ன அளவுகோலுக்கு வருவோம். ஓடும் பழைய பேருந்தினுள் இரைச்சல் சுமார் 80 டெசிபல் இருக்கக்கூடும். காதை அடைக்காமல் ஓரத்தில் தொங்கும் வகையைப் போட்டிருந்தால், பாட்டு அந்த இரைச்சலை மீற வேண்டும். கை தானாகவே 90 டெசிபலுக்கு ஏற்றிவிடும். காதைச் சரியாக அடைக்கும் ரப்பர் வகை, வெளி இரைச்சலில் ஏறக்குறைய 20 டெசிபலைத் தடுத்துவிடும். உள்ளே வருவது 60. பாட்டுக்கு 70 போதும். 90-க்கும் 70-க்கும் வித்தியாசம் இருபதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். டெசிபல் மடக்கைக் கணக்கு. இருபது டெசிபல் என்பது ஒலி ஆற்றலில் நூறு மடங்கு.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தர அளவின்படி, வளர்ந்தவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்களுக்கு 75 டெசிபல்தான். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். கணக்கிட்டுப் பாருங்கள்: 78-இல் 20 மணி, 81-இல் 10 மணி, 84-இல் 5 மணி, 87-இல் இரண்டரை மணி, 90-இல் ஒன்றேகால் மணி. நாளுக்கு அன்று, ஒரு வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி! பள்ளிக்குப் பேருந்தில் போய்வரும் மாணவன் அதைத் திங்கட்கிழமையன்றே தீர்த்துவிடுவான்.

நம் பகுதியினருக்கு இந்த எண்கள் புதியவையாக இருக்கக் கூடாது. இராஜபாளையத்தில் நெடுங்காலமாக நூற்பாலைகள் ஓடுகின்றன. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகள் ஓடுகின்றன. தறிக்கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்திருந்தன. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோயாகவே சேர்க்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் தறி ஓட்டிய பெரியவர் ஒருவருடன் பேசிப் பாருங்கள். நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது. ஆனால் 'பசி', 'படி', 'பதி' எது என்று பிரித்தறிய முடிவதில்லை. முதலில் சேதமாவது 4,000 ஹெர்ட்ஸ் பகுதி. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் அங்கேதான் இருக்கின்றன. உட்செவியில் நத்தைக் கூடு போன்ற உறுப்பில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. கோழிக்கு இவை அழிந்தால் திரும்ப முளைக்கின்றன, மனிதருக்கு முளைப்பதில்லை. தறிக்காரர் வயிற்றுப் பிழைப்புக்காக அந்த இரைச்சலில் நின்றார். அவருடைய பேரன் அதே அளவு ஒலியைக் காசு கொடுத்து வாங்கிக் காதுக்குள் விட்டுக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

'அறுபது சதவீதத்துக்கு மேல் சத்தம் வைக்காதே' என்று ஓர் அறிவுரை உண்டு. கெட்ட அறிவுரையன்று. ஆனால் அறுபது சதவீதம் என்பது டெசிபல் அன்று. ஒரு கருவியில் அது 70 டெசிபலாகவும், வேறொன்றில் 85 ஆகவும் இருக்கலாம். இயர்பட்ஸ் போட்டிருக்கும்போது கை நீட்டும் தூரத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசினால் ஏதோ பேசுகிறார் என்பதாவது தெரிய வேண்டும். கழற்றிய பின் காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் கேட்டால் எல்லை மீறியாயிற்று.

விலை கூடிய சிலவற்றில் இரைச்சலை இரைச்சலாலேயே அடக்கும் ஏற்பாடு இருக்கிறது. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978-இல் விமானப் பயணத்தின்போது இதைப் பற்றிக் கணக்குப் போடத் தொடங்கினார். வெளியொலியை ஒரு மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான கட்டமுள்ள அலையைக் கருவி உண்டாக்கும். முகடும் பள்ளமும் சேர்ந்து அழியும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர் ஆதலால் இது எளிது. 5,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு சிறு பிசகிலும் கணக்குத் தவறிவிடும். ஆகவே பேருந்து எஞ்சினின் உறுமல் அடங்கும்; ஹாரனும் பக்கத்து இருக்கை வம்பும் அடங்கா. பணம் இருந்தால் இதற்குக் கொடுக்கலாம் என்பேன், ஏனெனில் இது சத்தத்தைக் குறைத்து வைக்க உதவுகிறது. சைக்கிளில் போகும்போது மட்டும் இரண்டு காதையும் அடைக்காதீர்கள். பின்னால் வரும் லாரி உங்கள் பாட்டின் தாளத்துக்கு ஒதுங்காது.

கம்பியில்லாமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புளூடூத் அலைகளின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ்; உடம்பிலுள்ள நீர் அவற்றை உறிஞ்சும். போனை இடப்பையில் வைத்து வலக்காதில் விட்டுவிட்டுக் கேட்டால், கருவியைத் திட்டுமுன் போனை மறுபையில் மாற்றிப் பாருங்கள்.

பொருத்தத்தைக் கடையில் இரண்டு நிமிடத்தில் அறிய முடியாது. அரை மணி போட்டிருந்த பிறகுதான் வலி எங்கே என்று தெரியும். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான். ஆனால் பெரிய ரப்பர் துளையின் சுவரை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். முறுக்குக் கடித்துப் பாருங்கள், நாலு படி ஏறி இறங்குங்கள்: நழுவுகிறதா? உங்கள் காலடியே மண்டைக்குள் 'தொம் தொம்' என்று கேட்கிறதா? அடைத்த காதில் எலும்பு வழி வரும் ஒலி வெளியேற முடியாததே அதற்குக் காரணம். சிலருக்கு இது தாங்காது.

நம்மூர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வியர்த்த காதை மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் ஈரத்தில் காளான் கிருமி வளரும். தானாக வெளியே வர வேண்டிய குறும்பியும் உள்ளே தள்ளப்படும். ஒருவர் காதிலிருந்து எடுத்து இன்னொருவர் காதில் செருகும் பழக்கத்தால் கிருமியும் கைமாறும். மேலே சொன்ன ஒப்பீட்டை நண்பர்கள் கூடிச் செய்வதானால், ஆளுக்கொரு ரப்பர் மாட்டிக்கொள்ளுங்கள். தனி ரப்பர்கள் போன் உதிரிபாகக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன.