நுரைக்குள் மறையும் மருந்து
ஓசூரை ஒட்டிய எல்லை ஊரான ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கிருந்து பெங்களூருவின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரைத்துப் பொங்குவது ஊரறிந்த சேதி. நுரை கண்ணுக்குத் தெரிகிறது. நகரக் கழிவுநீரில் கலந்து வரும் வலிமாத்திரை, ஆன்டிபயாடிக் எச்சங்கள் தெரிவதில்லை. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்து பாக்டீரியாக்களால் இவற்றில் பலவற்றைச் சிதைக்க முடியாது. ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. உலோகம் பதித்த கரி இங்கேதான் கைகொடுக்கும். வெறும் கரி மருந்தைப் பிடித்து வைக்கும், அழிக்காது. அதில் இரும்போ கோபால்ட்டோ சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உடைத்து, வீரியமிக்க தனி உறுப்புகளை (ஃப்ரீ ரேடிக்கல்) உண்டாக்கும்; அவை மருந்து மூலக்கூறைத் துண்டாடும். 1894இல் ஃபென்டன் விவரித்த இரும்பு வினையின் வாரிசு இது. கோபால்ட் வேகமானது, ஆனால் நீரில் கசிந்தால் அதுவே நஞ்சு. இரும்பே மேல். பாதி உடைந்த துண்டுகள் சில நேரம் மூல மருந்தைவிடக் கெடுதலானவை. அவற்றையும் அளந்தாக வேண்டும். ஓடும் ஆற்றை இப்படிக் கழுவ முடியாது. எச்சம் செறிவாக இருக்கும் ஆலை, மருத்துவமனைக் கழிவுக் குழாயின் வாயிலேயே இந்தக் கரியைப் பொருத்துவதுதான் செலவுக்கும் பலனுக்கும் ஏற்றது.