கண்டுபிடிப்பது கடினம், சரிபார்ப்பது இலகு



"மகள் பட்டம் முடித்துவிட்டாள். இனிக் கலியாணம் பேசலாம் என்றிருந்தேன். கணனியையும் பௌதிகத்தையும் சேர்த்து ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். அப்படி என்ன படிப்பு?" என்று ஒரு தாய் கேட்டார்.

குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் சைக்கிளில் 3 வீடுகளுக்குப் போவதென்றால் 6 ஒழுங்குகளில் போகலாம். 10 வீடுகளென்றால் 36 இலட்சத்துக்கும் மேல். 30 வீடுகளென்றால் ஒவ்வொரு வழியாகப் பார்த்துக் குறுகியதைத் தேட எந்தக் கணனிக்கும் காலம் போதாது. ஆனால் "இந்த வழி 12 மைலுக்குள் முடியும்" என்று ஒருவர் எழுதித் தந்தால், கூட்டிப் பார்த்து உடனே சொல்லிவிடலாம். இலகுவாகச் சரிபார்க்கக்கூடிய எல்லாவற்றையும் இலகுவாகக் கண்டுபிடிக்கவும் முடியுமா? இதற்கு விடை காண்பவருக்கு 10 இலட்சம் டொலர் தருவதாக 2000 இல் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. இன்னும் விடை இல்லை.

இத்துறையில் பெயர் பெற்றவர் 1966 இல் சென்னையில் பிறந்த மது சூதன். அமெரிக்காவின் பேர்க்லியில் உமேஷ் வசிராணியிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்து 1992 இல் கலாநிதியானார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? நீண்ட கணித நிறுவலையும் சில இடங்களை மட்டும் பார்த்துச் சோதிக்கலாம் என்று காட்டியவர்களில் இவரும் ஒருவர். பிழை ஒரு மூலையில் ஒளிந்திருக்க முடியாதபடி நிறுவலை மாற்றி எழுதுவதே அதன் சூட்சுமம். 2002 இல் நெவன்லின்னா பரிசு பெற்றார்.

பௌதிகம் எங்கே வந்தது? வசிராணியும் ஈதன் பேர்ன்ஸ்டைன் என்ற இன்னொரு மாணவரும் 1993 இல் வேறொரு கேள்வி கேட்டார்கள்: அணுக்களின் விசித்திர விதிகளின்படி இயங்கும் கணனிக்கும் அதே வேலைகள்தான் கடினமா? மறு ஆண்டே பீற்றர் ஷோர், பெரிய எண்களின் காரணிகளை அத்தகைய கணனி விரைவாகக் காணும் என்று காட்டினார். வங்கி இரகசியங்களைக் காக்கும் பூட்டுக்களில் சில அந்தக் கடினத்தையே நம்பியிருக்கின்றன.

இது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த சி. ஜெ. எலியேசர், கேம்பிரிட்ஜில் பௌதிக மேதை டிராக்கிடம் பயின்று இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார்.

அம்மா, வெளிநாடுகளில் விஞ்ஞான ஆராய்ச்சி மாணவர் பலருக்குக் கற்பித்தலில் உதவுவதற்குக் கொடுப்பனவு உண்டு. அதை விசாரிக்கச் சொல்லுங்கள். கலியாணத்தைப் பிறகும் பேசலாம். தேடித் தேடியே ஆண்டுகளைக் கழித்த எங்களுக்கு, கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளை தேடட்டும், மறிக்காதீர்கள்.