கண்ணேறும் கரணியமும்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று இரவு பகலாகப் பொறிகள் இயங்குகின்றன. ஏரிநீரும் நெல்வயலுமாய் இருந்த அந்நிலத்தில், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஊண்டாய் மகிழுந்துகள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் இரெனால்ட்-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றைச் சுற்றி உதிரிப் பொருள்களைச் செய்யும் தொழிற்கூடங்கள் பல எழுந்தன. அங்கே கதவைப் பொருத்துவதற்கும் அளவுண்டு. திருகாணியை முறுக்குவதற்கும் அளவுண்டு. மயிரிழை பிசகினாலும் அப்பொருள் கழிக்கப்படும்.

இத்துணை அளந்து செய்த மகிழுந்து, வாங்கியவர் கைக்கு வந்தவுடன் நிகழ்வது என்ன? நான்கு உருளிகளின் அடியிலும் நான்கு எலுமிச்சம்பழங்கள்! நிறுத்துகருவியைச் செய்தவன் அறிவின்மேல் இல்லாத நம்பிக்கை, நசுங்கும் பழத்தின்மேல் பிறக்கிறது. ஆயுத பூசை என வடசொல்லால் வழங்கும் கருவி வழிபாட்டு நாளிலோ, தொழிற்கூட வாயில்தோறும் குங்குமம் தடவிய பூசணிக்காய்கள் நடுச்சாலையில் சிதறுகின்றன. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் ஈருருளி அச்சதையில் வழுக்குகிறது. கண்ணேறு கழிக்க உடைத்த காயே கைகால்களை முறிக்கிறது! சாலையில் உடைக்காதீர் எனக் காவல்துறையினர் வேண்டிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

கருவியைத் துடைத்துத் துப்புரவு செய்து, சோறு போடும் தொழிலுக்கு ஒருநாள் நன்றி பாராட்டுவதில் பிழையில்லை. இறைவன்பால் அன்பு கொள்வதும் கொள்ளாமையும் அவரவர் உள்ளத்தைச் சார்ந்தவை. ஈண்டு எழும் வழக்கு இறைவன்மேல் அன்று. கேட்க வேண்டிய வினாவைக் கேளாமல் வாயடைக்கும் அச்சத்தின்மேல்.

அவ்வச்சம் யாருக்குப் பயன்படுகிறது? 2010-இல் இப்பகுதியில், கைப்பேசி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், இளம்பெண் தொழிலாளி ஒருவர் பொறியில் சிக்கி உயிர் துறந்தார். இத்தகைய சாவு நேரும்போதெல்லாம், “ஊழ் அப்படி”, “நேரம் சரியில்லை”, “கண்பட்டுவிட்டது” என்னும் சொற்களே முதலில் எழுகின்றன. பெற்ற வயிறு எரியும்போது அச்சொற்கள் ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால், ஊழ்தான் கொன்றது என்றால் பொறியை ஆராய வேண்டியதில்லை. உணரி இயங்கியதா, ஓய்வின்றி வேலை வாங்கினரா, மறுநாள் அதே இடத்தில் நிற்கப்போகும் பெண்ணுக்குக் காப்பு உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இயங்கும் பொறிகளுக்குக் காப்புவேலி இடுமாறு கட்டளையிட்டது. எலுமிச்சம்பழம் கட்டுமாறு அது கூறவில்லை! ஊழின்மேல் பழி விழுந்தால் வேலியிடாதவன் தப்பிவிடுகிறான்.

இத்தொழிற்சாலைகளில் மேலாளர்களுக்குக் கற்பிக்கப்படும் முறை ஒன்றுண்டு. சப்பானின் தொயோட்டா நிறுவனப் பொறியாளர் தாயிச்சி ஓனோ பரப்பிய ‘ஐந்து ஏன்’ என்னும் முறை அது. பொறி நின்றுவிட்டது, ஏன்? சுமை மிகுந்து மின்னுருகி எரிந்தது. சுமை ஏன் மிகுந்தது? தாங்கியில் எண்ணெய்ப்பசை குறைந்தது. ஏன் குறைந்தது? எக்கி எண்ணெயைப் போதிய அளவு ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாமையால் இரும்புத் துகள் உட்புகுந்தது. முதல் வினாவோடு நின்றிருந்தால் புதிய உருகியை மாட்டியிருப்பர். பொறி மீண்டும் நின்றிருக்கும். வினாவே எழாதிருந்தால் பூசணிக்காய் உடைத்திருப்பர்!

இரும்புக்குக் கேட்கும் ஐந்து வினாக்களில் ஒன்றையேனும் மாந்த உயிருக்குக் கேட்கலாகாதா? தொழிற்சாலை வாயிலைத் தாண்டியதும் தமிழன் ‘ஏன்’ என்பதை மறந்துவிட வேண்டுமா?

“இத்தனை ஆண்டுகளாகப் பழம் கட்டுகிறோம், தீங்கு நேரவில்லையே” என்பார் உளர். தீங்கு நேராவிடில் பழத்தின் ஆற்றல். நேர்ந்துவிட்டால் ஊழின் ஆற்றல். எவ்வகையிலும் தோற்காத ஒன்றை ஆய்ந்து பார்த்தது எங்ஙனம்? 1995 செபுதம்பர் 21-ஆம் நாள் பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாக இந்தியா முழுவதும் பரபரப்பு எழுந்தது. கடல்கடந்த கோயில்களிலும் மக்கள் திரண்டனர். தில்லியில் அறிவியலாளர் பாலில் வண்ணம் கலந்து ஊட்டினர். நிறமேறிய பால் சிலையின்மேல் மெல்லிய படலமாய் வழிந்திறங்குவது கண்ணுக்குப் புலனாயிற்று. கரண்டியிலிருந்து பாலை இழுத்தது நீர்மத்தின் பரப்பு இழுவிசையே. அதை வெளிப்படுத்தச் சிறிது வண்ணம் போதுமாயிருந்தது. யாரும் செய்து பார்க்கலாம். பொய்யாயின் பொய்யென்று தெரிந்துவிடும். அறிவியலின் நேர்மை அதுவே.

“கற்றவரும் இவற்றைச் செய்கின்றனரே” என்பது அடுத்த தடை. உண்மைதான். ஏவூர்தியின் சிற்றுருவைத் திருப்பதிக்குக் கொண்டுசெல்லும் அறிவியலாளரும் உளர். ஆயினும் ஏவூர்தி கடலில் விழுந்தால் அவர்கள் அமைப்பது தோல்வி ஆய்வுக் குழுவே. சோழி உருட்டிக் குறி கேட்பதில்லை. தொழிலென்று வரும்போது அவர்களும் கரணியத்தையே நம்புகின்றனர்.

பட்டம் பெற்றவனும் வாழ்க்கையில் வினவாதிருப்பது ஏன்? அவன் அறிவியலை உணர்ந்து கற்கவில்லை. அயன்மொழியில் நெட்டுருப் போட்டான். பொறியின்மேல் ஆங்கில எழுத்து. அதன் விளக்க நூலும் ஆங்கிலம். பச்சை விளக்கெரிந்தால் அழுத்து, சிவப்பெரிந்தால் நிறுத்து என்பதோடு தொழிலாளியின் கல்வி முடிகிறது. உள்ளே நிகழ்வது இன்னதென்று அவன் மொழியில் சொல்வாரில்லை. கரணியம் தெரியாத பொறி அவனுக்குச் சினங்கொண்ட சிறுதெய்வம் போலாகிறது. அதற்குக் காவு கொடுக்கிறான். கரணியம் நுழையாத வீட்டில் கண்ணேறு குடியேறும்!

தமிழில் இவற்றைச் சொல்ல இயலாதென்பது சோம்பேறிகளின் கூற்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்கரான மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அயலான் செய்ததைத் தமிழன் செய்ய நாணுவதோ?

இராமானுசர் பிறந்த ஊர் திருப்பெரும்புதூர். ஆசிரியர் மறைவாகக் காக்கச் சொன்ன மறைமொழியை, அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மீதேறி ஊரறிய உரைத்தார் என்பது மாலியத்தார் வழிவழி போற்றும் செய்தி. அறிவை ஒரு சிலர் பூட்டி வைக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். அவர் ஊரில் இன்று பூட்டிக்கிடப்பது பொறியறிவு, பூட்டு ஆங்கிலம்!

அறிவியல் மனப்பான்மையையும் வினவி ஆராயும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்கள் கடமையென, 1976-இல் செய்த 42-ஆம் திருத்தத்தால் இந்திய அரசமைப்புச் சட்டமே கூறுகிறது. ஏட்டில் உள்ள கடமை தொழிற்கூடத்தில் இறங்க வேண்டும். ஒவ்வொரு பொறியின் அருகிலும் அதன் இயக்கமும் இடரும் காப்பும் நல்ல தமிழில் எழுதப்படுக! நேர்ச்சி ஒவ்வொன்றின் கரணியமும் தொழிலாளர் அறியத் தமிழில் வெளியிடப்படுக! நடுச்சாலையில் காய் உடைப்பது அறவே ஒழிக!

தமிழ்த் தொழிலாளனே! உன்னைக் காப்பது வாயிலில் தொங்கும் பழமன்று; பொறியைச் சூழ்ந்த வேலியும், அது எங்கே என்று கேட்கும் உன் நாவுமே. கேள்! உன் மொழியில் கேள்! விடை வரும்வரை கேள்!