கல்லுக்குப் பெயர், சாசனத்தில் 'அவன்'

பெண்ணின் பெயரைக் கல்லுக்கு வைப்பதைப் போல மலிவான மரியாதை வேறில்லை. சம்பளம் தர வேண்டாம், பதவி தர வேண்டாம். கல் எதிர்த்தும் பேசாது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலாளர்கள் வழக்கமாகப் பெண்பெயர்களையே சூட்டினார்கள். அலெக்சாண்டர் ஹம்போல்ட்டைக் கௌரவிக்க நினைத்தபோதுகூட 'அலெக்சாண்ட்ரா' என்றார்கள். 1856இல் ஆக்ஸ்போர்டில் நார்மன் போக்சன் கண்டுபிடித்த 42ஆம் சிறுகோளின் பெயர் 'ஐசிஸ்'. எகிப்தியப் பெண்தெய்வத்தின் பெயர். போக்சனின் மூன்று வயது மகளின் பெயரும் அதுவே. பிறகு சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக வந்த போக்சன், 1861இல் 'ஆசியா'வையும் 1864இல் 'சாப்போ'வையும் இங்கிருந்தே கண்டுபிடித்தார். கிரேக்கக் கவிஞர் சாப்போவின் பெயர் சென்னையிலிருந்து வானம் ஏறியதில் கவிதை எழுதும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகள் என்ன ஆனார்?

ஐசிஸ் போக்சன் 1873இல் அதே வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். 1881 முதல் சென்னை அரசின் வானிலை அறிக்கையாளரும் அவரே. 1886இல் லண்டன் ராயல் வானியல் கழகத்துக்கு அவரைத் தந்தை முன்மொழிந்தார். கழகம் வழக்கறிஞர்களைக் கேட்டது. 1831ஆம் ஆண்டுச் சாசனம் உறுப்பினரை 'அவன்' என்றே சுட்டுகிறது, ஆகவே பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள். அவர் உறுப்பினரானது 1920இல். ஒரு சுட்டுப்பெயர் முப்பத்துநான்கு ஆண்டுகள் வழிமறித்தது. ஆட்சியாளர் இனத்துப் பெண்ணுக்கே இந்தக் கதி.

"தமிழில் 'அவர்' இருக்கிறதே, இருபாலுக்கும் பொதுவாயிற்றே" என்று என் துறையினர் பெருமை பேசலாம். எனக்கு அந்தப் பெருமை இல்லை. நான் போகும் கருத்தரங்குகளில் தமிழ்த்தாய் பெண், தலைமையுரை ஆண். மேடையேறும் பேராசிரியைக்குக் குத்துவிளக்கும் நன்றியுரையும். ஆற்றுக்கும் மொழிக்கும் அரங்குக்கும் பெண்பெயர் வைப்போம்; தேர்வுக் குழுவில் ஒரு நாற்காலி என்றால் "பார்க்கலாம்" என்போம். 'அவர்' என்று எழுதிவிட்டு 'அவன்' என்று வாசிக்க நமக்குச் சாசனம்கூடத் தேவைப்படவில்லை.

சென்னை வானாய்வகத்தின் பணிகள் 1899இல் எங்கள் காந்திகிராமத்துக்கு மேற்கே கொடைக்கானல் மலைக்கு ஏறின. அங்கே சுற்றுலா போகும் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பெயரை நட்சத்திரத்துக்கே வைக்கிறோம் என்று யார் வந்தாலும், பணியாணையையும் கையெழுத்திடும் அதிகாரத்தையும் முதலில் கேளுங்கள். பெயர் பிறகு வரட்டும்.